இதயம் தளரும் வயதில் எலும்பு ஏன் முறிகிறது?

கேள்வி இது. கேட்டவரின் அம்மாவுக்கு 74 வயது. இதயம் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் தளரும் இதயச் செயலிழப்புக்காக இரண்டு ஆண்டுகளாக மருந்து எடுத்துக்கொள்கிறார்; இதய ஸ்கேனான எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 35 சதவீதம் என்று வந்திருக்கிறது. சென்ற மாதம் இரவில் குளியலறை வாசலில் தடுமாறி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட எலும்பு மருத்துவர், எலும்பு மெலிந்திருக்கிறது என்று சொல்லி, கால்சியம் மாத்திரையும் வாரம் ஒரு வைட்டமின் டி பொட்டலமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதய மருத்துவரின் சீட்டில் எலும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இந்த இரண்டு நோய்களுக்கும் தொடர்பு உண்டா, அல்லது வயதானால் வருவதுதான் இரண்டுமா, கால்சியம் கொடுத்தால் இதயத்துக்குக் கெடுதல் வருமா என்று மகள் கேட்கிறார்.

தொடர்பு உண்டு; அது வயதால் மட்டும் வருவதன்று. இதயச் செயலிழப்பு உள்ள முதியவர் எவரையும் எலும்பு முறியும் வாய்ப்பு கூடியவராக முதல் நாளிலிருந்தே கருத வேண்டும் என்பதுதான் முதியோர் மருத்துவத்தில் இருப்பவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களையும், உங்கள் அம்மாவுக்கு இப்போது என்ன செய்யலாம் என்பதையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும்: முழங்கால் வலிக்குக் காரணமான மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்பின் உட்புறம் சல்லடைபோல் ஆகி வலுவிழக்கும் எலும்புப்புரை வேறு. இங்கே நாம் பேசுவது இரண்டாவதைப் பற்றி. அது வலிப்பதில்லை, முறியும் நாள்வரை இருப்பதே தெரியாது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் 65 வயதைக் கடந்த 16,294 இதய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அவர்கள் அனைவரும் ஏதோ ஓர் இதய, ரத்தக்குழாய்க் கோளாறுக்காக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள். அவர்களில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் 4.6 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் எலும்பு முறிந்தது; மற்ற இதய நோயாளிகளில் அது 1 சதவீதம்தான். வயது, பாலினம், பிற நோய்கள் ஆகியவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகும் முறிவு வாய்ப்பு நான்கு மடங்காகவும், இடுப்பெலும்பு முறிவு மட்டும் ஆறு மடங்காகவும் இருந்தது. ஒப்பிடப்பட்டவர்களும் இதய நோயாளிகளே என்பதால் இந்த வேறுபாட்டை வயதின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

இதைவிட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது ஸ்வீடனின் இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு 2009இல் வெளிவந்த ஆய்வு. 1914 முதல் 1944 வரை பிறந்த 31,936 இரட்டையர்களை ஐம்பது வயதிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். இதயச் செயலிழப்பு கண்டறியப்பட்டவர்களுக்கு இடுப்பெலும்பு முறியும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது; அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது என்னவென்றால், ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு இதயச் செயலிழப்பு வந்து மற்றவருக்கு வராத நிலையில், இதயம் நன்றாக இருந்த அந்த மற்றவருக்கும் முறிவு வாய்ப்பு ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கு கூடியிருந்தது. அவருக்கு இதய நோயும் இல்லை, அதற்கான மருந்தும் இல்லை. ஆகவே இந்தத் தொடர்பின் ஒரு பகுதி, நோய் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே மரபணுக்களிலும் சிறு வயதுச் சூழலிலும் பதிந்துவிடுகிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நலமாக இருந்த பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் குதிகால் எலும்பை அல்ட்ராசவுண்டு கருவியால் அளந்துவிட்டு ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து பார்த்ததில், எலும்பு அடர்த்தி குறைந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயச் செயலிழப்பு கூடுதலாக வந்தது. அமெரிக்காவில் நான்கு ஊர்ப்பகுதிகளில் 65 வயதுக்கு மேற்பட்ட 5,888 பேரைக் கொண்டு 1989இல் தொடங்கிய இதய, ரத்தக்குழாய் நல ஆய்விலும் இதே கேள்வியைப் பிற்பாடு எழுப்பினார்கள். அங்கே விடை எல்லாரிடமும் ஒரேபோல் வரவில்லை. பாலினத்தையும் இனத்தையும் பொறுத்து மாறியது. அதனால் எலும்பு அடர்த்தி குறைவு என்ற அறிக்கையைப் பார்த்தவுடன் இதயத்துக்கு ஆபத்து என்று ஒருவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே ஆய்வு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு இடுப்பெலும்பும் முறிந்தால், முறியாதவரோடு ஒப்பிடும்போது இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். இதயம் தேவையான அளவு ரத்தத்தைத் தள்ளாதபோது, சிறுநீரகம் உடலில் ரத்தமே குறைந்துவிட்டது என்று தவறாக எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் ஹார்மோன்களைத் தூண்டுகிறது. அவற்றுள் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் முக்கியமானது. கால் வீக்கத்துக்கும் மூச்சுத்திணறலுக்கும் அதுவே பெரும் காரணம் என்பது பலருக்கும் தெரியும். அதே ஆல்டோஸ்டிரோன் சிறுநீரிலும் மலத்திலும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றுகிறது என்பது அவ்வளவாகத் தெரியவில்லை. ரத்தத்தில் கால்சியம் சற்றே இறங்கினாலும் கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. இதயத் தசை சுருங்கவும் நரம்பு வேலை செய்யவும் ரத்தத்தில் கால்சியம் குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே விளைச்சல் பொய்த்த வீட்டில் நெற்குதிரைத் திறந்து விதைநெல்லையும் அள்ளுவதுபோல், அந்தச் சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கின்றன. இது ஒரு நாள் இரண்டு நாள் நடந்தால் கேடில்லை. இதயச் செயலிழப்பில் ஆண்டுக்கணக்காக நடக்கிறது.

அளவுக்கு மீறிய பாராதைராய்டு ஹார்மோன் எலும்போடு நிற்பதில்லை. அது இதயத் தசை உயிரணுக்களுக்குள் கால்சியத்தைத் தேவைக்கு மேல் ஏற்றி, அவற்றில் சில இறந்து தழும்பாவதற்கும் துணைபோகிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் இதை விலங்குகளிடமும் நோயாளிகளிடமும் நீண்டகாலம் ஆராய்ந்தார்கள். ஆல்டோஸ்டிரோனைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன் மருந்து இந்தக் கால்சிய இழப்பையும் எலும்புத் தேய்வையும் குறைக்கிறது என்று விலங்குகளில் கண்டார்கள். அந்த மருந்தை எடுத்துக்கொண்ட, இதயச் செயலிழப்பு உள்ள முன்னாள் ராணுவத்தினரிடையே எலும்பு முறிவு குறைவாக இருந்தது என்றும் பதிவு இருக்கிறது. இது பதிவேடுகளிலிருந்து திரட்டிய தகவல்தான், மருந்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்து ஒப்பிட்ட சோதனையன்று. ஆகவே எலும்புக்காக மட்டும் யாரும் அதைத் தொடங்க வேண்டாம். உங்கள் அம்மாவின் சீட்டில் அது ஏற்கெனவே இருந்தால், அவருடைய எலும்புக்கும் அது நன்மை செய்யக்கூடும்.

நீர் மாத்திரையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். லாசிக்ஸ் என்று பலரும் அறிந்த ஃபியூரோசமைடும் அதே குடும்பத்தைச் சேர்ந்த டோர்செமைடும் உப்போடு சேர்த்துக் கால்சியத்தையும் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. தயசைடு வகை நீர் மாத்திரைகள் இதற்கு நேர்மாறாகக் கால்சியத்தைச் சிறுநீரகத்தில் தடுத்து உடலுக்குத் திருப்புகின்றன. ஆனால் முதியவர்களில் ரத்தத்தின் சோடியத்தை இறக்கிவிடும் தன்மை அவற்றுக்கு உண்டு. சோடியம் இறங்கினால் நடை தள்ளாடும், விழுவார்கள். எதையும் நாமாக மாற்ற முடியாது என்பதற்கு இதுவே போதிய சான்று. எலும்புக்காக லாசிக்ஸை நிறுத்துகிறவர் ஒரு வாரத்தில் நுரையீரலில் நீர் கோத்து ஆம்புலன்ஸில் போவார்.

இவற்றோடு இன்னும் சில சேர்கின்றன. குடல் சுவரும் நீர் கோத்து வீங்குவதால் உண்ட உணவு சரியாக உறிஞ்சப்படுவதில்லை. மூச்சு வாங்குவதால் வீட்டைவிட்டு வெளியே போகாதவருக்கு வெயிலும் இல்லை, எலும்பின்மேல் உடற்பாரம் விழும் நடையும் இல்லை. தளர்ந்த இதயத்தைச் சார்ந்து சிறுநீரகமும் பாதிக்கப்படும்போது, வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றும் வேலை குறைகிறது; அந்த நிலையில் எலும்பே மிகுதியாகச் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.23 என்னும் ஹார்மோன் இதயத்தின் இடது கீழறைச் சுவரைத் தடிக்கச் செய்கிறது என்று 2011இல் காட்டினார்கள். நாள்பட்ட அழற்சியில் ரத்தத்தில் மிகும் புரதங்கள் எலும்பை அரிக்கும் உயிரணுக்களை முடுக்கிவிடுகின்றன. எலும்பில் இருக்க வேண்டிய சுண்ணாம்பு அங்கே குறைந்து, இருக்கக் கூடாத ரத்தக்குழாய்ச் சுவரில் படிவதையும் முதியவர்களில் ஒருங்கே காண்கிறோம். எலும்பைக் காக்கும் ஆஸ்டியோபுரோட்டிஜரின் என்னும் புரதம் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எலும்புப்புரையும் தமனிச் சுண்ணாம்பும் சேர்ந்தே வந்தன என்று 1998இலேயே கண்டிருக்கிறார்கள்.

ஆனால் மெலிந்த எலும்பும் விழாதவரை பெரும்பாலும் தாங்கும். உங்கள் அம்மா விழுந்தது இரவில், குளியலறை வாசலில் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த ஒரு வரியை அவருடைய இதய மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாய்வழி எடுக்கும் லாசிக்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீடிக்கும். காலை, மாலை என்று சீட்டில் எழுதியிருப்பதை வீட்டில் காலை எட்டு, இரவு எட்டு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் பலர். அதனால் நள்ளிரவுவரை இரண்டு மூன்று முறை எழுந்து போக வேண்டியிருக்கிறது. மருத்துவர் சம்மதித்தால் இரண்டாம் வேளையைப் பிற்பகல் இரண்டு மணி, மூன்று மணிக்குக் கொண்டுவந்துவிடலாம். அதோடு, பகல் முழுவதும் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவருக்குக் கணுக்காலில் இறங்கியிருந்த நீர், படுத்த பிறகு ரத்தத்துக்குத் திரும்பி இரவிலேயே சிறுநீராகும். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தால் இதுவும் ஓரளவு குறையும்.

அடுத்து, எழுந்து நிற்கும்போது இறங்கும் ரத்த அழுத்தம். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம். காலையில் மருந்துகள் எடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை எடுங்கள். எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை எடுங்கள். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 இறங்கினாலோ அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டு போங்கள். இதயத்துக்கு உயிர்காக்கும் மருந்துகளே அழுத்தத்தையும் இறக்குகின்றன என்பதால், முதலில் குறைக்க வேண்டியது அவற்றையன்று. தூக்கத்துக்காக என்றோ ஒருநாள் தொடங்கி நிறுத்தாமலே போகும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஆண்களாக இருந்தால் புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக எடுத்த தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து. மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய, எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாம். முதுகெலும்பின் எண்ணைவிட இடுப்பின் எண்ணை நம்புங்கள். முதுகெலும்பின் ஓரங்களில் வளர்ந்த முட்களும் அதன் முன்னால் செல்லும் பெருந்தமனியில் படிந்த சுண்ணாம்பும் சேர்ந்து, முதியவரின் முதுகெலும்பை உள்ளதைவிட அடர்த்தியானதாகக் காட்டிவிடும். பத்தாண்டு முறிவு வாய்ப்பைக் கணக்கிடும் ஃப்ராக்ஸ் கணிப்பானிலும் இதயச் செயலிழப்பு என்று ஒரு கட்டம் கிடையாது; எனவே அது தரும் எண் இத்தகைய நோயாளிகளுக்குக் குறைவாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது என்பதே, ஸ்கேன் எண் என்னவாக இருந்தாலும், போதுமான எச்சரிக்கை.

செலவே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே அடிக்கடி எடுக்கப்படுகிறது. எல்லாரும் இதயத்தின் அளவையும் நுரையீரலின் நீரையும் பார்த்துவிட்டு உறைக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆல்பர்ட்டாவில் அறுநூற்றுச் சொச்சம் நோயாளிகளின் மார்பு எக்ஸ்ரேக்களை முதுகெலும்புக்காக மறுபடி பார்த்தபோது, 12 சதவீதத்தினருக்கு முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. அவர்களில் எலும்புப்புரைக்கு மருந்து பெற்றவர்கள் ஏழில் ஒருவர் அளவில்தான். நம் ஊரில் பெரும்பாலும் நேர்முகப் படம் மட்டும் எடுக்கிறார்கள். அடுத்த முறை எடுக்கும்போது பக்கவாட்டுப் படமும் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிலும் பார்க்கலாம்: குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி அம்மாவை நிற்கச் சொல்லுங்கள், தலையின் பின்புறம் சுவரைத் தொடாவிட்டால், அல்லது இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், முள்ளெலும்பு நசுங்கியிருக்கலாம். இது இதயத்தையும் தொடும் விஷயம். முதுகு கூனும்போது நுரையீரல் விரிய இடம் குறைகிறது, மூச்சு வாங்குகிறது. அந்த மூச்சிரைப்பை இதயத்தின் கணக்கில் எழுதி நீர் மாத்திரையைக் கூட்டினால் அழுத்தம் இறங்கி அவர் மறுபடி விழுவார்.

இரண்டு நோய்களும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்கவும் கூடும். அதைத் தவறவிடுவது பெரும் இழப்பு. தைராய்டு மிகையாகச் சுரந்தால் முதியவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி இதயம் தளரும், எலும்பும் கரையும். ரத்தசோகை, விடாத முதுகுவலி, சிறுநீரில் புரதம் ஆகியவை இதயச் செயலிழப்போடு சேர்ந்து வந்தால், எலும்பு மஜ்ஜைப் புற்றான மயலோமாவும் அதனால் இதயச் சுவரில் படியும் அமிலாய்டு புரதமும் காரணமாக இருக்கலாம். அதற்குத் தனி ரத்தப் பரிசோதனை உண்டு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் ஆண்டுக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரை உப்பையும் பிடித்து வைக்கும், எலும்பையும் அரிக்கும்.

சர்க்கரை நோய் இருந்தால் ஒரு மருந்தைக் குறிப்பாகத் தேடிப் பாருங்கள்: பயோகிளிட்டசோன். விலை குறைவு என்பதால் நம் நாட்டில் இது பரவலாகக் கொடுக்கப்படுகிறது. இரண்டு மூன்று மருந்துகள் கலந்த ஒரே மாத்திரைக்குள்ளும் ஒளிந்திருக்கும். சிறுநீர்ப்பைப் புற்று பற்றிய ஐயத்தால் 2013இல் இந்தியாவில் சில வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு, பிறகு எச்சரிக்கையோடு அனுமதிக்கப்பட்டது. அந்தப் பேச்சில் அடிபட்டுப் போன இரண்டு உண்மைகள் இங்கே வேண்டியவை: அது உடலில் நீரைத் தேக்கி இதயச் செயலிழப்பை வரவழைக்கும் அல்லது மோசமாக்கும், பெண்களில் எலும்பு முறிவையும் கூட்டும். இதயச் செயலிழப்பு உள்ள, மணிக்கட்டு முறிந்த 74 வயதுப் பெண்ணுக்கு அந்த மருந்தில் இடமே இல்லை. மாறாக, இதயத்துக்காக இப்போது கொடுக்கப்படும் டாபாகிளிஃப்ளோசின் பற்றி அஞ்ச வேண்டாம். அதே குடும்பத்தைச் சேர்ந்த கனாகிளிஃப்ளோசினில் ஒரு சோதனையில் முறிவு கூடியது உண்மை. இதயச் செயலிழப்பில் டாபாகிளிஃப்ளோசினைச் சோதித்தபோது அப்படிக் கூடவில்லை.

கால்சியம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாத்திரையாக எடுக்கும் கால்சியம் மாரடைப்பைக் கூட்டுகிறதா என்ற விவாதம் 2008இலிருந்தே நடந்து வருகிறது. இன்னும் முடிவுக்கு வரவில்லை. உணவில் வரும் கால்சியத்தைப் பற்றி அப்படிப்பட்ட ஐயம் எழவில்லை. ஆகவே முதலில் தட்டைப் பார்க்க வேண்டும். வயதான பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மில்லிகிராம் தேவை. நூறு கிராம் கேழ்வரகு மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. நூறு மில்லி பாலில் 120 அளவுக்கு. மருத்துவர் நீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் பாலும் கூழும் அந்தக் கணக்கில் சேரும். அப்போது கெட்டித் தயிரும் கேழ்வரகு அடையும் இடியாப்பமும் உதவும். முள்ளோடு உண்ணும் நெத்திலியும் மத்தியும் நல்லவை, ஆனால் புதிய மீனாக, கருவாடாக அன்று. எள் துவையல் நல்லது. கீரையைப் பொறுத்தவரை, ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் பொட்டாசியம் ஏறும் என்பதால் அளவைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள். உணவில் எட்டாத மிச்சத்தை மட்டும், பெரும்பாலும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை உணவோடு கொடுத்தால் போதும். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரை எடுப்பவராக இருந்தால், ரத்தத்தில் கால்சியம் அளவு மீறும்போது துடிப்புக் கோளாறு வரும் என்பதை மருத்துவர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

உப்பைக் குறைக்கச் சொல்வதை இதயத்துக்காக மட்டும் என்று நினைக்கிறோம். ஆறு கிராம் உப்பு கூடுதலாக உடலைக் கடந்து வெளியேறும்போது ஏறத்தாழ 40 மில்லிகிராம் கால்சியத்தையும் சிறுநீரில் இழுத்துச் செல்கிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய் ஆகியவற்றைத் தட்டிலிருந்து எடுத்தால் இதயமும் எலும்பும் சேர்ந்தே பயன்பெறும். குறைந்த சோடியம் என்று விற்கும் உப்பு வகைகளில் பொட்டாசியம் இருப்பதால் அவை உங்கள் அம்மாவுக்கு வேண்டாம்.

வைட்டமின் டி-யில் எனக்குக் கவலை தருவது குறைபாட்டைவிட அதை ஈடுசெய்யும் முறைதான். 60,000 யூனிட் பொட்டலத்தை வாரம் ஒன்றாக எட்டு வாரம் எடுக்கச் சொன்னால், கடையில் சீட்டில்லாமலே கிடைப்பதால் எட்டு மாதமும் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களில் பாதிப் பேருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு விழுதலும் முறிவும் குறையவில்லை, கூடின. அமெரிக்காவில் 25,871 பேரிடம் தினமும் 2,000 யூனிட் கொடுத்துப் பார்த்ததில் இதயச் செயலிழப்புக்காக முதன்முறை மருத்துவமனையில் சேர்வது குறையவில்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஏற்கெனவே செயலிழப்பும் வைட்டமின் குறைபாடும் உள்ளவர்களுக்கு தினமும் 4,000 யூனிட் ஓராண்டு கொடுத்தபோது பம்பிங் ஓரளவு கூடியது, ஆனால் நடக்கும் தொலைவு கூடவில்லை. குறைபாடு இருந்தால் ஈடுசெய்யுங்கள், பிறகு சிறிய அளவில் தொடருங்கள். அதை இதயத்துக்கான மருந்தாக எண்ண வேண்டாம்.

கால்சியமும் வைட்டமின் டி-யும் அடித்தளம் மட்டுமே. ஒருமுறை முறிந்தவருக்கு எலும்புப்புரைக்கான மருந்தே வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் நீரோடு எடுத்து அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். அந்தத் தம்ளர் நீரும் அன்றைய கணக்கில் சேரும். ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலத்தால் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் தீவிரமான ஏட்ரியல் துடிப்புக் கோளாறு 1.3 சதவீதத்தினருக்கு வந்தது, மருந்து பெறாதவர்களில் அது 0.5 சதவீதம் என்று 2007இல் ஒரு பெரிய சோதனை சொன்னது. பிந்தைய ஆய்வுகளில் அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. இடுப்பு முறிந்தவர்களுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது இறப்பே 28 சதவீதம் குறைந்தது என்பதையும் தராசின் மறுதட்டில் வைக்க வேண்டும். சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்திருந்தால் இவ்விரண்டும் ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்கினால் தவணை தவறக் கூடாது. நிறுத்தினால் முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நசுங்குவதுண்டு. எலும்புப்புரைக்கான இன்னொரு மருந்தான ரோமோசோசுமாப் மட்டும் வேறு வகை. மாரடைப்போ பக்கவாதமோ வந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு அது கூடாது என்று 2019இல் அனுமதிக்கும்போதே எச்சரித்திருக்கிறார்கள். இதயம் தளர்ந்த ஒருவருக்கு அதைத் தேர்ந்தெடுக்க நான் மிகவும் தயங்குவேன். ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும் ராலோக்சிஃபீனையும் தவிர்ப்பேன்.

இதயம் பலவீனம் என்று சொல்லிக் கட்டிலிலேயே வைத்திருக்காதீர்கள். நீர் கோப்பு அடங்கி நிலைமை சீரானவருக்கு நடையும், நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து உட்காரும் பயிற்சியும் இரண்டு நோய்களுக்கும் பொதுவான சிகிச்சை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். கட்டுப் போட்ட கை குணமாகும்வரை தாங்குகோலை மறு கையில் கொடுங்கள். குளியலறைச் சுவரில் கைப்பிடியைக் கட்டு பிரிக்கும் முன்பே பொருத்திவிடுங்கள்.

எப்போதாவது இடுப்பெலும்பு முறிய நேர்ந்தால், பம்பிங் குறைவு என்ற காரணத்துக்காக அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்லும் குரல்கள் குடும்பத்திலிருந்தே எழும். இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடந்து 2020இல் வெளிவந்த சோதனையில், கண்டறிந்த ஆறு மணி நேர அளவில் அறுவை செய்யப்பட்டவர்களுக்கு, ஒரு நாள் கழித்துச் செய்யப்பட்டவர்களைவிட இறப்பு கூடவில்லை. மனக்குழப்பம் குறைந்தது, சீக்கிரமே எழுந்து நின்றார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தால் அதை வடிக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுத்திருந்தால் அதற்கான நேரம் வேண்டும். அவற்றுக்கு மேல் காத்திருப்பது படுக்கைப்புண்ணையும் நிமோனியாவையும்தான் கொண்டுவரும். அந்த நாளில் தேடி அலையாமல் இருக்க, கடைசி எக்கோ அறிக்கை, மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள், சிறுநீரகப் பரிசோதனை முடிவு ஆகிய மூன்றையும் ஒரே உறையில் இட்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் இன்றே வைத்துவிடுங்கள்.